தானாக ஏறிக்கொள்ளும் மரியாதை

கம்ப்யூட்டருக்குக் கண் திறந்துவிட்டவரும், அதே விரலால் எங்கள் கடையின் கண்ணைக் குத்தியவரும், என் மனைவிக்கு ஒரே தம்பியுமான மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு, அவருடைய அக்காவைக் கட்டிய மாமா எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். உன் அக்கா சுகம். பிரிண்டருக்குக் கொஞ்ச நாள் இருமல் இருந்தது, இப்போது தேவலை. நீ சுகமாகத்தான் இருப்பாய். ஊரைக் கெடுத்துவிட்டுப் போனவர்களுக்கு ஒரு தலைவலிகூட வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எழுத்து கிறுக்கலாக இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்காதே. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, அது இவ்வளவுதான் எழுதும். டைப் அடிக்கும் கடையை வைத்துக்கொண்டு கையால் எழுதுகிறாரே மாமா என்று சிரிக்கவும் சிரிக்காதே. மிஷினில் உன்னைத் திட்டினால் அது பாராட்டுப் பத்திரமாக வெளியே வருகிறது. அதற்குத்தான் இந்தக் கடிதமே.

நம் கடைக்கு அடுத்த கதவு தையல்காரம்மாவை உனக்குத் தெரியும். நீ லீவுக்கு வந்து, உன் அக்கா சமையலில் ஊறி, பேண்ட் பொத்தான் போடமுடியாமல் நின்றபோது இடுப்பைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாரே, அவரேதான். அவர் கடைக்கு நேர் மேலே பல் டாக்டர் இருக்கிறார். அங்கே நாற்காலியில் சாய்ந்தபடி ஜனங்கள் கொப்பளித்துத் துப்புவதெல்லாம் குழாய் வழியாகக் கீழே போகவேண்டும். அந்தக் குழாய் எங்கேயோ விரிசல் விட்டு, ரோஸ் கலர் தண்ணீர் தளத்தில் ஊறி, தையல்காரம்மா துணி வெட்டுகிற மேஜைக்கு நட்டநடுவில் சொட்டுகிறது. மேஜையை நகர்த்தினால் சொட்டும் கூடவே நகர்கிறது. இத்தனை நாளும் கலர் துணி, எப்படியோ சமாளித்தார். இப்போது நர்ஸ் பள்ளிக்கூடத்திலிருந்து அத்தனை பிள்ளைகளுக்கும் வெள்ளைக் கோட்டு தைக்க ஆர்டர் வந்திருக்கிறது. அவர் தையல் மிஷின் மிதிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. துணிக்கட்டு வந்து இறங்குவதற்குள் மேலே அடைக்காவிட்டால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும். யாரோ வாய் கொப்பளித்த தண்ணீர் ரோஸாக விழுந்த கோட்டை நர்ஸுக்குப் போடுவதா, அதைப் பார்த்து மயங்கி விழுகிற நர்ஸுக்கு வேறு நர்ஸைத் தேடுவதா?

அவர் முதலில் நேரில் போய்த்தான் கேட்டிருக்கிறார். பல் டாக்டர் கட்டடத்துக்காரரைக் கை காட்டினாராம். கட்டடத்துக்காரர் வானத்தைக் கை காட்டி, மழைத் தண்ணீராக இருக்கும் என்றாராம். ரோஸ் கலரில் எந்த ஊர் மழை என்று இவர் அங்கே கேட்கவில்லை, என்னிடம் வந்து கேட்டார். பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்து, "நறுக்குன்னு ஒரு கடுதாசி போடுங்கண்ணே. படிச்சா அந்த ஆளுக்குச் சோறு எறங்கக் கூடாது" என்றார்.

நறுக்கென்று போடுவதுதானே மாப்பிள்ளை நம் தொழிலே. எதிரே இருக்கும் பெரிய ஆபீஸுக்கு மனு எழுத வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கு நிற்கிறவர்கள், முதலாளியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க நினைத்து நேரில் போனால் நாக்கு எழாதவர்கள், எல்லோரும் நம் படியைத்தான் மிதிக்கிறார்கள். அவர்களிடம் கோபம் இருக்கிறது, என்னிடம் வார்த்தை இருக்கிறது, உன் அக்காவிடம் விரல் இருக்கிறது. வாசலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நடந்துகொண்டே நான் சொல்வேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடிப்பாள். காகிதம் வந்ததும் அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு வாசித்துக் காட்டுவேன். வாசித்து என்றால், எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். நான் சொன்னது எனக்கு மறக்குமா? மனப்பாடமாகவே ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பேன். கேட்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இப்படியே ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கடை, நீ லீவுக்கு வருகிறவரைக்கும்.

வந்தாய், தின்றாய், தூங்கினாய், அதோடு விட்டிருந்தால் உன்னை உத்தமன் என்று நானே ஊருக்குள் சொல்லியிருப்பேன். ஒரு மத்தியானம் தூக்கம் வரவில்லை என்று மிஷின் முன்னால் உட்கார்ந்தாய். உன் அக்கா பழைய மனு ஒன்றைத் திறந்து, பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப்பெயரைப் போட்டு அனுப்புவதைப் பார்த்து, இந்தக் காலத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா என்று தலையில் அடித்துக்கொண்டாய். டெம்ப்ளேட் என்று ஒன்று செய்தாய். அதில் அனுப்புநர், பெறுநர், தேதி, மதிப்பிற்குரிய ஐயா, இங்ஙனம் தங்கள் உண்மையுள்ள, எல்லாம் முன்கூட்டியே நின்றது. சண்டைக்குக் கிளம்புகிறவனுக்குக் கல்யாண மாப்பிள்ளை வேஷம் கட்டிவிட்டாற்போல இருக்கிறதே என்றேன். அதோடு நிறுத்தினாயா? மேக்ரோ என்று இன்னொன்று செய்தாய். பெயரைக் கேட்டால் மாத்திரை போல இருக்கிறதே, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று நான் கேட்டதற்குக்கூட நீ சிரிக்கவில்லை. எவ்வளவு மும்முரம்!

"மாமா, இப்படிக் கண்டபடி எழுதினா ஒரு நாளைக்கு உங்க மேலயே கேஸ் போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு நீ போட்டுக் காட்டியதை மறக்கமுடியுமா. திருடன் என்று அடித்தாய், ஒரு பொத்தானைத் தட்டினாய், 'பிறர் பொருளிலும் அக்கறை உள்ளவர்' என்று மாறியது. சோம்பேறி என்று அடித்தாய், 'எதிலும் நிதானம் காப்பவர்' ஆனான். மடையன் 'வெள்ளை மனதுக்காரர்' ஆனான். என் வாழ்நாள் சம்பாத்தியம் அவ்வளவும் கண் முன்னாலேயே கழுவித் துடைத்துப் பவுடர் பூசி நின்றது. இதை எடுத்துத் தொலை என்றேன். நீ கேட்டாயா? இதை ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் போட்டுவிட்டால், அந்த ப்ரோகிராமைத் திறக்கும்போதெல்லாம் கூப்பிடாமலே தானாக ஏறிக்கொள்ளும், பொத்தானைக்கூடத் தட்ட வேண்டாம், நீங்கள் ஒன்றுமே செய்யவேண்டாம் மாமா என்று பெருமையாக விளக்கினாய். கூப்பிடாமலே வந்து, தானாக ஏறி உட்கார்ந்து, சொல்லாத வேலையைச் செய்து, சொன்ன வேலையைச் செய்யாமல் இருப்பது எது என்று யாராவது விடுகதை போட்டால், அதுநாள்வரை நான் உன்னைத்தான் விடையாக நினைத்திருந்தேன். இப்போது உனக்குப் போட்டியாக ஒன்றை நீயே செய்து வைத்துவிட்டு, சரி மாமா எடுத்துடறேன் என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய்.

நீ போன பிறகுதான் தையல்காரம்மா வந்தார். அன்றைக்கு எனக்கு வந்த வார்த்தை மாப்பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது, அருவி. 'உன் கட்டடம் கட்டடமா, இல்லை காற்றில் தொங்கவிட்ட சல்லடையா? ஊரான் எச்சிலை என் தலையில் ஊற்றிவிட்டு மழை என்கிறாயே, உன் கண் என்ன புறங்கழுத்திலா இருக்கிறது? ஒரு நாள் வந்து என் மேஜையில் மல்லாந்து படு. வாயைத் திற. சொட்டுவதை நீயே குடித்துப் பார்த்துவிட்டு அது மழையா என்று சொல்.' இப்படிப் போனது. வாசலில் வேறு வேலையாய் நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப்பார்த்தார்கள். உன் அக்கா விரல் நிற்காமல் அடித்தாள். நான் வழக்கம்போல ஒப்பித்தேன். தையல்காரம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு, ஒட்டி, தபாலில் சேர்த்தாயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் எட்டிப்பார்த்து, "அந்த ஆளுக்குச் சோறு எறங்குதாண்ணே?" என்பார். எப்படி இறங்கும், தண்ணீரே இறங்காதே என்பேன்.

இந்த லட்சணத்தில் லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். ஞாபகம் இருக்கிறதா, வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்வாரே, அந்த நெட்டை மனுஷர். அவருக்கு மேனேஜரோடு ஆகாது. வேறு கம்பெனியில் இடம் பிடித்துவிட்டு, போகிற போக்கில் கிழித்துத் தொங்கவிட்டுப் போவோம் என்று ராஜினாமாக் கடிதம் எழுத வந்திருந்தார். உன் லாரிக்குத்தான் பிரேக் இல்லை என்றால் உன் வாய்க்குமா இல்லை என்று ஆரம்பித்து முழுப்பக்கம் சொல்லி அனுப்பினேன். போனவர் காற்று இறங்கின டயர் மாதிரி திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். மேனேஜர் அந்தக் கடிதத்தை எல்லா டிரைவர்களையும் நிற்கவைத்து உரக்கப் படித்தாராம். "புது எடத்துல சேர்றேன்னு கை குடுத்துட்டேண்ணே. இந்த ஆளு என்னைக் கட்டிப்புடிச்சு அழுவுறான். இனிமே நீதான் எல்லாருக்கும் மேஸ்திரிங்கிறான். எப்படிண்ணே விட்டுட்டுப் போறது? என்னத்தண்ணே எழுதினீங்க?" என்று கேட்டார்.

என்னத்தை எழுதினேன் என்று எனக்கே தெரிந்தால்தானே. அவர் கையிலிருந்த நகலை வாங்கினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, என் கடையில் அடித்த காகிதத்தை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தாங்கள் பேசும் வேகத்தில் நாங்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டோம். தங்கள் குரல் காதில் ஒலிக்காத பாதையில் இனி எப்படிப் போவேன் என்று கலங்குகிறேன்' என்று இருக்கிறது மாப்பிள்ளை. நான் பிரேக் இல்லை என்று சொன்னதை உன் மேக்ரோ இப்படிப் பெற்றெடுத்திருக்கிறது. நாய் குரைக்கிறது என்று புகார் எழுதி அனுப்பிய பெரியவர் ஏன் நாலு நாளாக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போகிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டேன். எதிர்வீட்டுக்காரர், எங்கள் நாயின் குரலை இவ்வளவு ரசித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லி, அது போட்ட குட்டியில் ஒன்றைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்துவிட்டாராம். இப்போது ரெண்டு பக்கமும் குரைக்கிறது.

நாய் குரைத்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம், மேஸ்திரியானால் மீசையை முறுக்கிக்கொள்ளலாம், தையல்காரம்மாவின் ஆர்டர் போனால் என்ன செய்வது? உன் அக்காவைக் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் என்னத்தைக் கண்டேன். நீங்க சொல்றீங்க, நான் அடிக்கிறேன். நடுவுல என்ன நடக்குதுன்னு தம்பியத்தான் கேக்கணும்" என்றாள். பாவம், அவளைச் சொல்லி என்ன, எய்தவன் நீயிருக்க.

கடிதத்தைப் படிப்பதற்குள் பிடுங்கிவிடலாம் என்று கட்டடத்துக்காரர் வீட்டுக்கு ஓடினேன். ஓட்டம் என்றால், செருப்பு ஒன்று வழியில் அறுந்ததைக்கூட அங்கே போய்த்தான் பார்த்தேன். அவர் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன, எல்லாவற்றிலும் செய்தித்தாள் அடுக்கியிருக்கிறது. மடியில் நம் கடிதம், மடிப்பெல்லாம் நைந்துபோய். எத்தனை தரம் படித்தாரோ. என்னைக் கண்டதும், எழுதிக்கொடுத்த கை உங்களுடையதுதானே என்று கேட்டு, ஒரு நாற்காலியைக் காலி செய்து உட்காரச் சொல்லி, வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

'தங்கள் கட்டடத்தின் கீழ் தொழில் செய்து பிழைப்பவள் நான். மேலிருந்து ஒவ்வொரு துளி விழும்போதும் தங்கள் நினைவு வருகிறது. வாடகை வாங்க ஆள் அனுப்புகிறீர்களே தவிர, தாங்கள் ஒருமுறையும் வந்து அமர்ந்ததில்லை. அருள்கூர்ந்து ஒரு நாள் வந்து, நான் துணி வெட்டும் மேஜையருகே சற்று நேரம் இருந்து ஒரு டீ குடித்துச் செல்லவேண்டும்.'

நான் செருப்பில்லாத காலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷம் வாடகைக்கு விட்டிருக்கேன். ஒருத்தர் என்னை வந்து உக்காருன்னு சொன்னதில்ல. எல்லாரும் குழாய், கதவு, கரண்டுன்னுதான் வருவாங்க" என்றார். நாளைக்குக் காலையில் டீ குடிக்கப் போகிறாராம். சட்டையைக்கூட இஸ்திரிக்குக் கொடுத்தாயிற்றாம்.

திரும்பி வருகிற வழியில் தையல்காரம்மா, சோறு எறங்குதா என்று கேட்டார். இறங்காது என்றேன். நாளைக்கு அந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது, இந்த அம்மா, சண்டைக்கு வந்துவிட்டான் என்று கத்திரியைத் தூக்குவார். கட்டடத்துக்காரர் மனம் நொந்து திரும்பிப்போவார். சொட்டு சொட்டிக்கொண்டே இருக்கும். ஆர்டர் போகும். நம் கடையும் போகும். கோபத்தைக் கொடுத்துவிட்டுக் கும்பிடு வாங்கிப் போக எவன் வருவான்?

ஆகையால் படித்த பெருமகனே, இந்தக் கடிதம் கண்டதும் கிடைக்கிற வண்டியைப் பிடித்து வா. அந்த ஃபோல்டருக்குள் கையை விட்டு நீ போட்டதை நீயே எடு. எனக்கு அந்த மிஷினைத் தொடவே பயமாக இருக்கிறது, காலையில் அது முனகும்போதே உன் சங்கதி மூட்டை முடிச்சோடு ஏறி உட்காருவது எனக்குக் கேட்கிறது. எடுத்து முடித்ததும் அடுத்த வண்டியில் கிளம்பு. உனக்குச் சோறு போடுவதாக இல்லை. பேண்ட்டைத் தளர்த்தித் தரவும் இனி ஆள் இருக்கப்போவதில்லை.

மற்றபடி உன் ஆயுளும் உத்தியோகமும் நீளட்டும், மண்டையில் இருக்கும் அறிவில் கொஞ்சம் வழிந்து கைக்கும் வரட்டும். சீக்கிரமே நல்ல பெண் அமையட்டும். அவளும் உன் அக்காவைப் போல, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண்ணாக இருக்கட்டும்.

இங்ஙனம், உன் மேக்ரோவுக்குப் பயந்து கையால் எழுதும்,
மாமா.

பின்குறிப்பு: தபால்பெட்டிக்குப் போவதற்குள் விடிந்து, ரெண்டு மூணு நாளும் ஓடி, என்னென்னவோ நடந்துவிட்டது. கட்டடத்துக்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்தார். தையல்காரம்மா நான் சொன்னபடியே கத்திரியைத்தான் எடுத்தார். ஆனால் அந்த மனுஷர் நேராகப் போய் மேஜையருகே உட்கார்ந்துவிட்டார். தையல்காரம்மா என்ன செய்வதென்று தெரியாமல் டீக்குச் சொல்லி அனுப்பினார். டீ வருவதற்கு முன்னால் தலையில் ஒரு சொட்டு, தோளில் ஒன்று, வந்த டீக்குள்ளே ஒன்று. அவர் சட்டையைப் பார்த்தார். அண்ணாந்து மேலே பார்த்தார். "இது மழை இல்லம்மா" என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே குழாய் ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டார். பிறகு மாடிக்குப் போய்ப் பல் டாக்டரிடம் போட்ட சத்தத்தில், நான்கூடக் குறித்து வைத்துக்கொள்ளும்படியான வார்த்தைகள் இருந்தன. சாயங்காலத்துக்குள் குழாயை மாற்றிவிட்டார்கள். தளம் காய்ந்ததும் துணிக்கட்டு இறங்கியது. தையல்காரம்மா வந்து, உங்கள் கடுதாசியின் காரம் தாங்காமல்தான் ஆள் ஓடிவந்துவிட்டான் என்றார். நானும் மறுக்கவில்லை.

உள்ளே போய் உன் அக்காவிடம், உன் தம்பியின் மேக்ரோ கிடக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். நீ பஸ் ஏறிய அன்றைக்கே அதை அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டாளாம். ப்ரோகிராம் திறக்க நேரமாகிறது என்று. அப்படியென்றால் லாரி டிரைவர் கடிதம்? அது நான்தான் என்றாள். நாய்? நான்தான், அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. தையல்காரம்மா? "அவன் செஞ்சது வார்த்தையத்தாங்க மாத்தும். யாருக்குப் போகுதுன்னு அதுக்குத் தெரியாது. நான் ஆளைப் பாத்து மாத்தினேன்" என்றாள். பின்னே ஏன் உன் தம்பியைக் காட்டிவிட்டாய் என்று கேட்டேன். கீபோர்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். "அவன் மேல பழி விழுந்தா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. எடுத்துப் போட வான்னு எழுதுவீங்க. ஒரு நடை வந்துட்டுப் போவான்ல" என்றாள்.

எனவே மேலே உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி, நீ தின்றதைப் பற்றி எழுதியதைத் தவிர. மிஷினில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அதை அவளிடம் நீ கேட்டுக்கொள்ளாதே. எடுக்க வந்தேன் என்றே சொல். எடுக்க ரொம்ப நாளாகும் என்றும் சொல்.